எல்லாரும் வந்தாச்சு

கீரமங்கலம் கடைவீதியில் ஆத்மநாதனின் உரக்கடையைத் தெரியாத விவசாயி கிடையாது. மல்லிகைச் செடியில் இலை சுருண்டாலும் கத்தரியில் புழு விழுந்தாலும் ஒரு கொத்தை ஒடித்து எடுத்துக்கொண்டு அவரிடம்தான் வருவார்கள். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒரு பார்வை பார்த்து மருந்தைச் சொன்னால் அதற்கு மறுபேச்சு இருக்காது. வட்டார உர வியாபாரிகள் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் முன்வரிசையில் ஒரு நாற்காலி அவருக்கென்று காலியாக இருக்கும். அந்த நாற்காலி அவருக்கு ரொம்பப் பிடிக்கும்.

அந்த வருடம் ஒரு உரக் கம்பெனி, நன்றாக விற்றுக் கொடுத்த வியாபாரிகளைக் கோலாலம்பூருக்குச் சுற்றுலா அழைத்துப் போவதாக அறிவித்தது. முன்பெல்லாம் இப்படிப் போனவர்கள் ஆண்கள் மட்டும்தான். இந்த முறை மனைவியையும் கூட்டி வரச் சொல்லிவிட்டார்கள். அமிர்தவல்லி இதற்கென்றே பாஸ்போர்ட் எடுத்தாள். திருச்சி விமான நிலையத்தை வெளியிலிருந்துகூடப் பார்த்திராதவள் அவள். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே தெருவில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. கோயம்புத்தூரில் இருக்கும் மகள் பொற்கொடி, நிறைய நடக்க வேண்டியிருக்கும் என்று ஒரு ஜோடி வெள்ளை கேன்வாஸ் ஷூ வாங்கி அனுப்பியிருந்தாள்.

ஊர் சுற்றிப் பார்க்கிற நாள் காலையில், ஓட்டல் லிப்டுக்குள் இருந்த பெரிய கண்ணாடியில் ஆத்மநாதன் மனைவியைப் பார்த்தார். அரக்குப் பட்டுச்சேலை, கழுத்து நிறையச் சங்கிலி, கீழே அந்த வெள்ளை ஷூ. அவருக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

"வேற சேலை இல்லையா?"

"நல்லது இதானேங்க. வெளிநாட்டுல ராசா அரண்மனையெல்லாம் பாக்கப் போறோம்" என்றாள் அவள் சந்தோஷமாக.

சாப்பாட்டு மண்டபத்தில் ஒருவர் பரோட்டா மாவைக் காற்றில் வீசி விரித்துக்கொண்டிருந்தார். அமிர்தவல்லி தட்டோடு அவர் முன்னால் போய் நின்று, "மாவுல எண்ணெய் எவ்வளவு ஊத்துனீங்க தம்பி? எவ்வளவு நேரம் ஊறப் போட்டீங்க?" என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள். அவருக்குத் தமிழ் தெரியவில்லை. சிரித்துக்கொண்டே அவள் தட்டில் இன்னொரு பரோட்டாவை வைத்தார். ஆலங்குடியில் கடை வைத்திருக்கும் ரெங்கராஜ் அதைப் பார்த்துவிட்டு, "அக்கா பக்குவத்தைக் கேட்டுக்காம ஊருக்கு வரமாட்டாங்க போலருக்கு" என்றான். அவன் அதை அன்பாகத்தான் சொன்னான். மேசையில் இருந்தவர்களும் அன்பாகத்தான் சிரித்தார்கள். ஆத்மநாதன் சிரிக்கவில்லை. தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

வழிகாட்டியாக வந்தவர் பெலிக்ஸ் என்கிற மலேசியத் தமிழர். பேருந்தில் ஏறும்போது ஒவ்வொருவருக்கும் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு அட்டை கொடுத்தார். அதில் ஓட்டல் பெயரும் அவருடைய போன் நம்பரும் இருந்தன. "யாராவது தனியா மாட்டிக்கிட்டா இதக் காட்டுனா போதும், கழட்டிறாதீங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அமிர்தவல்லி உடனே மாட்டிக்கொண்டாள். பட்டுச்சேலையின் மேல் அந்த அட்டை ஆடுவதைப் பார்த்த ஆத்மநாதன், "கழட்டு. சந்தைக்கு ஓட்டிட்டுப் போற மாடு மாதிரி" என்றார். அவளுடையதையும் தன்னுடையதையும் சேர்த்துத் தன் தோள்பைக்குள் போட்டார். இரண்டு பாஸ்போர்ட்டும் அதே பைக்குள்தான் இருந்தன. வெளிநாட்டு சிம் அவருடைய போனில் மட்டும்தான் போட்டிருந்தது. இரண்டு பேருக்கும் எதற்குத் தனித்தனியாக என்று அவர்தான் சொல்லியிருந்தார்.

பேருந்து பாலங்களின் மேல் ஏறி இறங்கி வளைந்தபோது அமிர்தவல்லிக்குக் குமட்டியது. அவளுக்குப் புதுக்கோட்டை டவுன் பஸ்ஸிலேயே ஜன்னலோரம் வேண்டும். இது ஏசி வண்டி, ஜன்னல் திறக்க வழியில்லை. கையில் வைத்திருந்த பிளாஸ்டிக் பையில் வாந்தி எடுத்தாள். முன்வரிசையில் யாரோ மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். யாரோ வாசனைத் தைலத்தை எடுத்து நீட்டினார்கள்.

"பின்னாடி சீட்டு காலியாத்தான் கெடக்கு. அங்க போய்ப் படுத்துக்க" என்றார் ஆத்மநாதன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"பின்னாடி இன்னும் தூக்கித் தூக்கிப் போடுமேங்க."

"போன்னா போ. எல்லாரும் பாக்குறாங்க."

அவள் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனாள். அவள் இருந்த இடத்தில் ரெங்கராஜ் வந்து உட்கார்ந்தான். சங்கத் தேர்தலைப் பற்றிப் பேச்சு ஆரம்பித்தது. ஆத்மநாதனுக்கு அப்பாடா என்று இருந்தது.

அரண்மனையில் உள்ளே விடுவதில்லை. வாசலுக்கு வெளியே நின்று, தங்கநிறக் கூரைகளைப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளலாம். வாசலின் ஒரு பக்கம் குதிரைமேல் ஒரு காவலாளி ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் பக்கத்தில் நின்று படம் எடுத்தார்கள். அமிர்தவல்லி வாந்தி எடுத்த களைப்பெல்லாம் மறந்து அவரை அண்ணாந்து பார்த்தாள். "காலையில சாப்டீங்களா தம்பி? இந்த வெயில்ல இப்புடி ஒக்காந்திருக்கீங்களே, குதிரைக்காவது தண்ணி காட்டுனாங்களா?" என்று கேட்டாள். கூட்டம் சிரித்தது. ஒருத்தி செல்போனில் வீடியோ எடுத்தாள். ஆத்மநாதன் எதையோ படம் எடுக்கிற மாதிரி மறுபக்கம் நடந்து போய்விட்டார்.

அவள் பின்னாலேயே வந்தாள். "ஏங்க, பாத்ரூம் எங்கிட்டு இருக்குன்னு கேட்டுச் சொல்லுங்களேன்."

"அந்த கைடக் கேளேன். எல்லாத்துக்கும் நானே வரணுமா?" என்றார் அவர், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பிறகு யாரையும் கேட்காமல் அவளாகவே தேடிக்கொண்டு போனாள். அவள் போன திசையை அவர் ஓரக்கண்ணால் பார்த்தார் என்பதும் உண்மை.

பேருந்தில் எல்லோரும் ஏறினார்கள். பெலிக்ஸ் முன்னால் நின்று விரலை நீட்டித் தலைகளை எண்ண ஆரம்பித்தார். நடுவில் யாரோ எழுந்து மேலே பை வைக்க, கணக்கு விட்டுப்போய் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். பின்னாலிருந்து ஒருவர், அடுத்துப் போக வேண்டிய பத்துமலை முருகன் கோயிலில் வெயில் ஏறிவிடும், படியேற முடியாது என்று முணுமுணுத்தார். ஆத்மநாதனுக்கு, எல்லோரையும் காக்க வைப்பது தன் வீட்டு ஆள்தானோ என்று ஒரு கணம் உறுத்தியது. திரும்பிப் பார்த்தால் போதும். கடைசி சீட்டில் அவள் இல்லையென்றால், "என் வீட்டுக்காரி இன்னும் வரலை" என்று எழுந்து நின்று சொல்ல வேண்டியிருக்கும். வாந்திக்கும் குதிரைக்காரனுக்கும் பிறகு இது மூன்றாவது தலைகுனிவு. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"எல்லாரும் வந்தாச்சு. வண்டிய எடுங்க" என்றார், சங்கக் கூட்டத்தில் பேசுகிற அதே குரலில்.

"கன்பார்மா அண்ணே?"

"கன்பார்ம்."

பெலிக்ஸ் விரலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். வண்டி கிளம்பியது.

பத்துமலையில் ஆண்கள் ஒரு கூட்டமாகப் படியேறினார்கள். ஆத்மநாதன் முன்னால் போனார். வானத்தைத் தொடுகிற முருகன் சிலைக்கு முன்னால் ரெங்கராஜோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். பெண்களில் பாதிப்பேர் கீழேயே நின்றுவிட்டதால், அமிர்தவல்லியும் அவர்களோடுதான் இருப்பாள் என்று நினைத்தார். நினைத்தார் என்பதுகூடச் சரியில்லை. அவளைப் பற்றிய நினைப்பே வரவில்லை. குகைக்குள் குளிர்ச்சியாக இருந்தது. குரங்கு ஒன்று யாருடைய தேங்காயையோ பிடுங்கிக்கொண்டு ஓடியது. அதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தார்.

இறங்கி வந்து, அடிவாரத்துச் சாப்பாட்டுக் கடையில் இலை போட்டு உட்கார்ந்தபோதுதான் ரெங்கராஜின் மனைவி ரம்யா கேட்டாள்.

"அண்ணே, அக்காவ எங்க காணோம்? ஒங்களோட மேல வந்தாங்கன்னுல்ல நெனச்சோம்."

பிசைந்த சோறு ஆத்மநாதனின் கையில் அப்படியே நின்றது. அந்த நொடியில் அவருக்கு முதலில் வந்தது பயம் இல்லை. எல்லோருக்கும் தெரிந்துவிடுமே என்பதுதான். அதைப் பின்னாளில் நினைக்கும்போதெல்லாம் அவருக்கு உடம்பு கூசும்.

"பாத்ரூம் போயிருப்பா. வந்துருவா" என்றார்.

சொல்லிவிட்டு இன்னும் இரண்டு வாய் சாப்பிட்டார். பிறகு கை கழுவுகிற சாக்கில் எழுந்து பேருந்துக்கு ஓடினார். கடைசி சீட்டில் அவளுடைய துணிப்பை மட்டும் கிடந்தது. அதற்குள் மயக்கத்துக்கு முகர்ந்துகொள்ள ஊரிலிருந்து கொண்டுவந்த எலுமிச்சம்பழங்கள் இருந்தன. கோயில் வாசல், கடைகள், புறாக்கூட்டம் என்று ஓடி ஓடிப் பார்த்தார். இங்கே தேடிப் பயனில்லை என்று தெரிந்துதான் தேடினார்.

பெலிக்ஸிடம் சொன்னபோது அவர் முகம் வெளிறியது. "நான் எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன் அண்ணே. நீங்கதான் கன்பார்ம்னு சொன்னீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். சுற்றி நின்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ரெங்கராஜ் மட்டும், "போய்ட்டு வாங்கண்ணே, நாங்க இங்கிட்டே இருக்கோம்" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தான்.

டாக்சியில் பெலிக்ஸ் முன்னால் உட்கார்ந்தார். வண்டி நகர்ந்ததும் திரும்பிக் கேட்டார்.

"டேக் போட்டிருக்காங்களா?"

ஆத்மநாதன் தோள்பையைத் திறந்தார். இரண்டு அட்டைகளும் ஒன்றோடொன்று கயிறு சிக்கிக் கிடந்தன.

"பாஸ்போர்ட்?"

"எங்கிட்டத்தான் இருக்கு."

"போன்ல கூப்பிடலாமா?"

"அவ போன்ல சிம் போடலை."

பெலிக்ஸ் முன்னால் திரும்பிக்கொண்டார். ஏதாவது திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது ஆத்மநாதனுக்கு. சாலை நெடுக வண்டிகள் நின்று நின்று நகர்ந்தன. அவள் அங்கே இல்லாவிட்டால் என்ன செய்வது? பொற்கொடிக்குப் போன் போட்டு என்ன சொல்வது? "அம்மா காணாமப் போயிட்டா" என்றா? "நான் விட்டுட்டு வந்துட்டேன்" என்றா? எந்த வார்த்தையில் சொன்னால் தன்மேல் பழி குறையும் என்று மனது தானாகவே தேடிக்கொண்டிருந்தது. அதைக் கண்டுகொண்டபோது தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

அரண்மனைக்குத் திரும்புகிற வளைவிலேயே அரக்குச் சேலை தெரிந்தது.

பேருந்து எங்கே நின்றிருந்ததோ அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். முந்தானையைத் தலையில் போட்டிருந்தாள். முகம் வெயிலில் கருத்து உப்புப் பூத்திருந்தது. கொஞ்சம் தள்ளி மர நிழலில், தண்ணீர் பாட்டில் விற்கிற பெண்மணி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வைத்திருந்தார். அது காலியாகக் கிடந்தது.

"நெழல்ல ஒக்காரக் கூடாதா?" என்றார் ஆத்மநாதன். கண்டுபிடித்த மனைவியிடம் முதலில் சொன்னது அதுதான். அதுவும் அதட்டலாக வந்தது.

"அங்கிட்டு ஒக்காந்தா ரோடு தெரியலைங்க. நீங்க வந்து பாத்துட்டு, இல்லைன்னு திரும்பிப் போய்ட்டா?" என்றாள். பிறகு அவர் சட்டையைப் பார்த்தாள். "இப்புடி வேர்த்திருக்கு. எவ்வளவு அலைஞ்சீங்களோ, பாவம்."

டாக்சியில் ஏறியதும் தண்ணீரைக் குடித்துவிட்டு அவளே நடந்ததைச் சொன்னாள். "வந்து பாக்குறேன், பஸ்ஸக் காணோம். வேற எடத்துல நிக்குதோன்னு சுத்திச் சுத்திப் பாத்தேன். ஒரு டாக்சிக்காரத் தம்பி, நம்மாளுதான். அம்மா, ஓட்டல் பேரச் சொல்லுங்க, கொண்டுபோய் விடுறேன், காசு வேணாம்னுச்சு. எனக்கு அந்தப் பேரு வாயில நொழையலை. போலீசுக்குப் போவோம்மான்னுச்சு. வேணாம் தம்பி, எங்க வீட்டுக்காரரு இப்ப வந்துருவாரு, நான் நகந்துட்டா அவருதான் தேடி அலைவாருன்னு சொல்லிட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "நான் இல்லைன்னு எப்பங்க தெரிஞ்சுச்சு?" என்று கேட்டாள்.

"வண்டி கெளம்புன ஒடனே தெரிஞ்சுருச்சு. திருப்பச் சொன்னேன், அந்த ரோட்டுல திருப்ப முடியாதாம். அப்பறம் டிராபிக்கு" என்றார் ஆத்மநாதன்.

முன்சீட்டில் பெலிக்ஸின் கழுத்து லேசாக அசைந்தது. அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேற்று ஊரில், வேற்று மனிதர் ஒருவர், தன் பொய்யைத் தனக்காகக் கேட்காத மாதிரி நடந்துகொண்டது ஆத்மநாதனுக்கு வாழ்நாளில் பட்டிராத அவமானம்.

பத்துமலை வாசலில் ரம்யா ஓடி வந்து அமிர்தவல்லியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. "மன்னிச்சுக்கங்கக்கா. எங்களுக்குத் தெரியவே இல்லை. அண்ணன் மலையேறி எறங்கி, சாப்பிட ஒக்காந்த பெறகு நான் கேட்டப்பதான் தெரிஞ்சுச்சு."

அமிர்தவல்லி கணவரைத் திரும்பிப் பார்த்தாள். ஒரே ஒரு தடவைதான். பார்வையில் கோபம் இருந்ததா என்று அவரால் சொல்ல முடியவில்லை. அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒங்க மேல என்னம்மா இருக்கு" என்றாள் அவள் ரம்யாவிடம். "நாந்தான் யாருகிட்டயும் சொல்லாமப் போனேன்."

மிச்ச நாளும் ஊர் சுற்றிப் பார்த்தார்கள். சாக்லேட் கடைக்குப் போனார்கள். இரட்டைக் கோபுரத்துக்கு முன்னால் கழுத்து வலிக்க நின்றார்கள். அமிர்தவல்லி எல்லாவற்றையும் பார்த்தாள், யாரிடமும் எதுவும் விசாரிக்கவில்லை. பேருந்தில் ஆத்மநாதன் கடைசி வரிசைக்குப் போய் அவள் பக்கத்தில் உட்காரப் பார்த்தார். அவள் துணிப்பையை எடுத்துப் பக்கத்து சீட்டில் வைத்தாள்.

"நீங்க முன்னாடி போய் ஒக்காருங்க. பேசிட்டு வருவீங்க. எனக்கு இங்கிட்டே சரியா இருக்கு" என்றாள், மரியாதையாக.

அவர் முன்னால் போனார். ரெங்கராஜ் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். சங்கத் தேர்தலைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஊருக்கு வந்த மறுநாள் சாயங்காலம், தெருப் பெண்கள் நாலைந்து பேர் வீட்டுக் கூடத்தில் கூடிவிட்டார்கள். பக்கத்து வீட்டு அடைக்கலமேரி, எதிர்வீட்டுப் புவனேஸ்வரி எல்லோரும் இருந்தார்கள். அமிர்தவல்லி சாக்லேட்டைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டே கதை சொன்னாள். பரோட்டா வீசியவரைச் சொன்னாள். குதிரைக்காரரைச் சொன்னாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்புறம் தான் தொலைந்து போன கதையையும் எடுத்தாள்.

"பஸ்ஸு போயிருச்சு. நான் திருதிருன்னு முழிச்சுக்கிட்டு நிக்கிறேன். பத்து நிமிசங்கூட ஆகலை. இவுக பாதி வழியில வண்டிய நிப்பாட்டச் சொல்லி, எறங்கி ஓடி வாராக. எங்க, எனக்கு முன்ன இவுகளுக்கு மயக்கம் வந்துருமோன்னு பயந்துட்டேன்."

"ஆம்பளைக்கு அம்புட்டுப் பாசம் உள்ளுக்குள்ள இருக்கு பாரேன்" என்றாள் அடைக்கலமேரி. பெண்கள் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். கடையிலிருந்து அப்போதுதான் வந்த ஆத்மநாதன் அங்கே நின்றுகொண்டிருந்தார்.

நாள் முழுக்க, ஊரிலும் கடையிலும், அவரைப் பார்த்தவர்கள் எல்லோரும் சிரித்த முகமாய் வரவேற்றிருந்தார்கள். இதற்கு மேல் சுமக்க முடியாது என்று தோன்றியது.

"இல்லைம்மா" என்றார். "நான் ஓடியெல்லாம் வரலை. எல்லாரும் வந்தாச்சுன்னு வண்டிய எடுக்கச் சொன்னவனே நாந்தான். இவ வெயில்ல நின்னப்ப நான் மலையேறி, சாமி கும்பிட்டு, ஒக்காந்து சாப்புட்டேன். இன்னொருத்தர் பொஞ்சாதி கேட்ட பெறகுதான் இவ இல்லைங்கிறதே தெரியும்."

புவனேஸ்வரி கையிலிருந்த சாக்லேட் காகிதத்தை மடித்துக்கொண்டே இருந்தாள். ஒருத்தி, விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது என்று எழுந்தாள். ஒவ்வொருவராக, "வாரோம்" என்று சொல்லிக் கிளம்பினார்கள். போகிறபோது அவரை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் அமிர்தவல்லியைத்தான் பார்த்தார்கள். துக்க வீட்டில் பார்க்கிற பார்வை அது.

கதவு சாத்தியதும் ஆத்மநாதன் நாற்காலியில் உட்கார்ந்தார். பாரம் இறங்கிவிட்டது போல இருந்தது. அவள் ஏதாவது நல்ல வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தார்.

"எதுக்கு இப்பச் சொன்னீங்க?" என்றாள் அவள்.

"நீ எனக்காகப் பொய் சொன்ன. என்னால கேட்டுக்கிட்டு இருக்க முடியலை."

"ஒங்களுக்காகச் சொன்னேன்னு யாரு சொன்னா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் தரையில் சிதறிக் கிடந்த காகிதங்களைக் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு இந்தத் தெருவுல, பூக் கடையில, கோயில்ல, எங்க போனாலும் நாலு பேரு கேப்பாக. புருசன் மறந்துட்டுப் போனவ இவதானாக்கும்னு பாப்பாக. ஒங்கள ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாக. தப்ப ஒத்துக்கிட்ட நல்ல மனுசன்னுதான் சொல்லுவாக." அவள் குரல் உயரவில்லை. "எனக்குன்னு கொண்டாந்தது அந்த ஒரு கதைதான். பொய்யோ நெசமோ, அதுல எனக்குக் கொஞ்சம் கவுரவம் இருந்துச்சு. அதையும் நீங்களே எடுத்துக்கிட்டீங்க."

அவள் காகிதங்களைக் கொண்டுபோய்க் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, அடுப்பங்கரைக்குப் போனாள். பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது. எழுந்து போய் அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தார். என்ன சொன்னாலும் அது மறுபடி தன்னைப் பற்றியதாகவே போய் முடியும் என்று தோன்றியது.

வாசலில் சைக்கிள் நிறுத்துகிற சத்தம். வடக்குத் தெரு விவசாயி பிச்சை, கருகிய மல்லிகைக் கொத்து ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "கடை பூட்டியிருந்துச்சு. அதான் வீட்டுக்கே வந்துட்டேன். என்ன செயலாளரே, மலேசியா எப்புடி இருந்துச்சு?"

ஆத்மநாதன் கொத்தை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். இலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பினார். அடுப்பங்கரையில் சத்தம் நின்றிருந்தது. அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

"மலேசியாவப் பத்தி அவளத்தான் கேக்கணும்" என்றார் கடைசியில். "நான் சரியாப் பாக்கலை."